பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தல்

பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை பெற்றோருக்கு உண்டா?

கேள்வியே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். எந்த வீட்டிலும் இதற்கென்று யாரும் மெனக்கெடுவதில்லை. நடக்கப் பழகுவதுபோல, சீட்டியடிக்கப் பழகுவதுபோல, பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொண்டுவிடும். டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் காங் லீ என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் பொய்களை ஆராய்ந்து வருகிறார். ஒரு பொம்மையைக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லி வெளியே போவார்கள். திரும்பி வந்து "பார்த்தியா?" என்று கேட்பார்கள். நான்கு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள், நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்கவே இல்லை என்று சாதிக்கத் தொடங்கிவிடுகின்றன. குழந்தை கெட்டுப்போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, அது வளர்கிறது என்றுதான் அர்த்தம் என்கிறார் அவர். என் மனசில் இருப்பது எதிரே நிற்பவருக்குத் தெரியாது என்று புரிந்தால்தானே பொய் சொல்லவே முடியும்?

என் சின்னவன் 13 வயது வரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இது எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை. தெருவுக்கும் பிரச்சினை. சாணார்பட்டியில், நத்தம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. நான் திண்டுக்கல்லில் பத்திரம் எழுதுகிறவன். சின்னவனுக்கு 7 வயதில் மதுரையில் ஒரு மருத்துவர், ஆட்டிசத்தை அளப்பதற்கென்று இந்தியாவில் உருவாக்கிய அளவுகோலை வைத்துக்கொண்டு, எங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மொத்தம் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. அவனுக்கு 70-ஐத் தாண்டிவிட்டது. ஃபைலில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்று எழுதிவிட்டு, "பழைய பேர்ல சொன்னா ஆஸ்பெர்ஜர்" என்று வாயால் சொன்னார். பேச்சு சரியான வயதில் வந்துவிட்டது, படிப்பும் வருகிறது. ஆனால் முகம் பார்த்துப் பேச மாட்டான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவான். கொசவபட்டி ஜல்லிக்கட்டு சமயத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. மற்றபடி அவனுக்குப் பிடித்த விஷயம் சர்வே நம்பர். நான் வீட்டுக்குக் கொண்டுவரும் புல வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து, எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் புளியந்தோப்பு எந்த நம்பர், அதில் எத்தனை உட்பிரிவு என்றெல்லாம் சொல்லுவான். ஒரு ஏக்கர் 40.47 ஏர் என்பது அவனுக்கு மற்ற பிள்ளைகளின் சினிமாப் பாட்டு மாதிரி.

(திண்டுக்கல்காரன் என்பதால் பூட்டு, சாவி என்று ஏதாவது உவமை சொல்லுவேன் என எதிர்பார்க்க வேண்டாம். என் பையன் பூட்டும் இல்லை, நான் சாவி தேடவும் இல்லை.)

பிரச்சினைக்கு வருகிறேன். எதிர்வீட்டுச் சித்தி குழுக் கடன் வாங்கியிருந்தார். எங்கள் பக்கத்தில் அது இல்லாத தெரு இல்லை. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஆளாளுக்குக் கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. வசூலுக்கு வரும் தம்பி பைக்கை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பணத்தைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டான். அந்த மாதம் சித்தப்பா ஆஸ்பத்திரியில். சித்தி கையில் பணம் இல்லை. பைக் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டார். வசூல் தம்பி எங்கள் வாசலில் நின்று கேட்டான். சின்னவன்தான் திண்ணையில் இருந்தான்.

"எதிர்வீட்டு அக்காவப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன். எங்க அடுப்படிலதான் நிக்கிறாங்க. நீங்க வர்றீங்கன்னுதான் வந்தாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை. குழுவில் இருந்த மற்ற பெண்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சித்தி ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை. அந்த மனுஷி கடனைக் கட்டாதவர் இல்லை. அடுத்த மாதமே கட்டினார். ஆனால் அடுப்படிக்குள் ஒளிந்து நின்றதை ஊர் பார்த்துவிட்டது. அதைக் கட்டித் தீர்க்க முடியாது இல்லையா?

தத்துவம் படித்தவர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். 1797-ல் இம்மானுவேல் காண்ட் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதில் வருவது இதே வாசல்தான். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, அவன் தேடும் உங்கள் நண்பர் வீட்டுக்குள் இருக்கிறாரா என்று கேட்கிறான். பொய் சொல்லலாமா? பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சுக்காரர், அப்படிப்பட்டவனிடம் உண்மை சொல்லும் கடமை நமக்கு இல்லை என்றார். காண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதும் பொய் கூடாது என்றார். இருநூறு வருஷமாகத் தத்துவ வகுப்புகளில் காண்ட்டைக் கிண்டல் செய்ய எடுக்கும் உதாரணம் இது. நடைமுறையில் எவன் இப்படி இருப்பான் என்று கேட்பார்கள். சாணார்பட்டிக்கு வந்தால் காட்டுவேன்.

ஊர் எங்களுக்குச் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான். "பையனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிக்குடுங்கப்பா." அந்த 'நல்ல வார்த்தை' என்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பொய்தான். நம் பேச்சில் பொய்க்கு எத்தனை செல்லப் பெயர்கள்! ஒப்புக்குச் சொல்வது, பேச்சுக்குச் சொல்வது, வாய் வார்த்தைக்குச் சொல்வது, சும்மா சொல்வது, சமாளிப்பது. பல் விளக்கிக்கொண்டே போனில் "இந்தா, கிளம்பிட்டேன்" என்பது. பசியோடு நின்றுகொண்டு "இப்பத்தான் சாப்ட்டேன்" என்பது. இதையெல்லாம் பொய் என்று கணக்கில் வைத்தால் ஊரில் ஒருவரும் தேற மாட்டோம். என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி மதிப்பு ஒன்று, கைமாறும் பணம் ஒன்று என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சின்னவன் ஒருநாள் கேட்டான், "ஒரே நிலம்தானப்பா? ஏன் ரெண்டு வெல?" சர்வே நம்பருக்கு இரண்டு விடை இருக்கக்கூடாது என்பது அவன் உலகத்தின் அடிப்படைச் சட்டம். விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப பத்திரத்துல இருக்கறது எதுக்கு?" என்றான்.

அவன் அம்மா முயற்சி செய்து பார்த்தாள். பயிற்சி கொடுப்பவர்கள் 'சமூகக் கதை' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இந்த இடத்தில் மற்றவர்கள் இப்படி நினைப்பார்கள், இப்படிச் சொன்னால் நல்லது என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகக் குழந்தைக்கு எழுதிக் காட்டுவது. மிக நல்ல முறை, எங்களுக்குப் பல விஷயங்களில் கைகொடுத்தது. துக்க வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பதை அப்படித்தான் பழகினான். புதுச் சேலை கதையில்தான் மாட்டிக்கொண்டோம்.

"அத்தை புதுச் சேலை கட்டிட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"நல்லா இல்லன்னா?"

"அப்பவும் நல்லா இருக்குன்னுதான் சொல்லணும்."

"நல்லா இருந்தா?"

"நல்லா இருக்குன்னு."

"அப்ப அத்தை எதுக்குக் கேக்குறாங்க?"

அவள் அட்டையை மூடி வைத்துவிட்டாள். எனக்கு இன்றுவரை இதற்குப் பதில் தெரியாது. அத்தை தகவல் கேட்கவில்லை, பாசம் கேட்கிறாள் என்று எனக்கும் உங்களுக்கும் புரிகிறது. அதை நேரடியாகவே கேட்டிருந்தால் என் பையன் கொடுத்திருப்பான் என்பதுதான் இதில் கொடுமை. "அத்தை மேல பாசமா இருக்கியாடா?" என்று கேட்டால் "ஆமா" என்பான். அது உண்மை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் இவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். "தெய்வக் குழந்தைங்க இது. ஹரிச்சந்திரன் மாதிரி." கேட்க இதமாக இருக்கும். ஆனால் யோசித்தால் பொருந்தவில்லை. ஹரிச்சந்திரனுக்குப் பொய் சொல்லத் தெரியும். ஒரே ஒரு பொய் சொன்னால் நாடு, மனைவி, மகன் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. காந்தி சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு நாள்கணக்கில் அதே நினைவாக இருந்தது இந்தத் தேர்வுக்காகத்தான். என் பையனிடம் அந்தத் தேர்வு இல்லை. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லச் சொன்னால், பத்திரத்தில் தப்பான சர்வே நம்பர் எழுதச் சொன்ன மாதிரி அவனுக்கு உடம்பே ஒத்துக்கொள்ளாது, கையை உதறுவான். இது ஒழுக்கமா, உடம்புவாகா? உடம்புவாகு என்றுதான் சொல்லுவேன். ஆனால் விலை மட்டும் ஹரிச்சந்திரன் கொடுத்த விலை. இப்படிப் புகழுகிறவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இவனை அழைத்துப் போனால், இரண்டாவது உண்மையிலேயே முகம் சுருங்கிவிடுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். தெய்வத்தைக் கோயிலில் வைத்திருப்பதுதான் எல்லோருக்கும் வசதி.

காண்ட்டை விட எனக்கு வள்ளுவரிடம்தான் கேட்கத் தோன்றியது. வாய்மை அதிகாரத்தில் அவர் வைக்கும் அளவுகோலே வேறு. நடந்ததை நடந்தபடி சொல்வதை அவர் வாய்மை என்று சொல்லவில்லை. யாருக்கும் தீமை இல்லாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் உட்காரலாம் என்றும் அனுமதிக்கிறார். அப்படிப் பார்த்தால், அன்றைக்கு வசூல் தம்பியிடம் சின்னவன் சொன்னது உண்மை, ஆனால் வாய்மை இல்லை. காண்ட் அவனைத் தட்டிக்கொடுத்திருப்பார். வள்ளுவர் தனியே கூப்பிட்டுப் பேசியிருப்பார். நான் வள்ளுவர் கட்சி.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. தீமை வருமா என்று பார்த்துச் சொல் என்றால், அது அடுத்தவர் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கண நேரத்தில் படிக்கத் தெரிந்தவனுக்கு எழுதிய விதி. அது என் பையனிடம் இல்லாத ஒன்று. 'எப்போதும் உண்மை சொல்' என்ற காண்ட்டின் விதி அவன் கைக்கு எட்டுகிறது. வள்ளுவருடையது எட்டவில்லை. நல்லவனாக இருப்பதற்கே ஒரு தனித் திறமை தேவை என்று நாம் ஒழுக்கத்தை வரையறுத்து வைத்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. முகம் படிக்கத் தெரியாதவன் நல்லவனாக இருக்க வழி என்ன? இதற்கு விடை கிடைக்காமல் அவனை வளர்க்க முடியாது. பெற்றோருக்கு இது வகுப்பறைக் கேள்வி இல்லை, தினமும் காலை ஏழு மணிக் கேள்வி.

அடுத்தவர் மனசைப் படிப்பது பற்றி ஒரு புகழ்பெற்ற பரிசோதனை உண்டு. 1985-ல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் என்ற மூவர் லண்டனில் செய்தது. சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். சாலி திரும்பி வந்தால் எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் 'பெட்டியில்' என்றார்கள். கோலி இருப்பது அங்கேதானே? இந்தப் பரிசோதனையிலிருந்து ஆட்டிசக்காரர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்று ஒரு பெரிய கட்டடமே எழுந்தது. பிறகு அதற்கு நிறைய மறுப்புகள் வந்தன. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கேள்வி கேட்டார்: அவர்களுக்கு நம் மனம் புரியவில்லை என்கிறீர்களே, நமக்கு அவர்கள் மனம் புரிகிறதா? இரண்டு பக்கமும் பாலம் இல்லாதபோது ஒரு பக்கத்தை மட்டும் ஊனம் என்பது எப்படி? என் தெருவில் நின்று பார்த்தால் மில்டன் சொல்வது சரி. குக்கர் விசிலுக்கு ஓடுகிறவனைப் பார்த்து 'திமிர்' என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

ஆனாலும் கோலிக்குண்டு விஷயத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. பொய் சொல்லாதவன், மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறான். போன வருஷம் அவன் அம்மா போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வந்த நம்பரைப் படிக்கச் சொன்னார்கள். நம்பர் படிப்பது என்றால் நம்மாளுக்குக் கேட்க வேண்டுமா? ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறான். பணம் போனது. அதை விடுங்கள். நாளைக்கு எவனாவது "உங்க அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்று பைக்கில் ஏறச் சொன்னால் ஏறிவிடுவானே என்று அன்றைக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

அதனால் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்தோம். பொய் என்று ஒன்று உலகத்தில் உண்டு, அதை நல்ல முகம் வைத்துக்கொண்டும் சொல்லுவார்கள் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். சிறுமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு எது சாரை, எது விரியன் என்று சொல்லிக்கொடுக்காமல் தோட்டத்துக்கு அனுப்புவதில்லை. பாம்பைச் சொல்லிக்கொடுப்பது கடிக்கச் சொல்லிக்கொடுப்பது ஆகாது. இது ஒரு பாதி.

மறுபாதிக்கு மௌனத்தைப் பிடித்தேன். பொய் சொல்ல முடியாதவனுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. "அதை நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்வது. அது உண்மையான வாக்கியம்தான், சொல்ல மாட்டான்தானே! அடுத்தவர் வீட்டுப் பணம், அடுத்தவர் உடம்பு, அடுத்தவர் எங்கே இருக்கிறார் என்பது, இந்த மூன்றைப் பற்றி வெளியாள் யார் கேட்டாலும் 'சொல்ல மாட்டேன்'. முகம் படிக்கத் தேவையில்லாத மூன்று தலைப்புகள். வள்ளுவரைச் சர்வே நம்பராக மாற்றிக் கொடுத்ததாக எனக்கு நினைப்பு. பிடித்துக்கொண்டான். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டான். சமூக அறிவியல் வகுப்பில் மாநிலத் தலைநகரம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். பிறகு வரப்புப் போட்டுச் சரிசெய்தோம்.

மௌனம் மரியாதைக் குறைவாகத் தெரியும் என்பது உண்மைதான். "பெரியவுக கேக்குறேன், சொல்ல மாட்டேங்கிறானே" என்று என் அம்மாவே வருத்தப்பட்டாள். பொய் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

அவனுடைய முதல் பொய் போன ஆடி மாதம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தான், சட்டைப் பை கிழிந்து தொங்குகிறது, முழங்கையில் சிராய்ப்பு. என்னடா என்றதற்கு, "கீழ விழுந்துட்டேன்" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல. அவன் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் முகத்தில் அழுகையும் ஏதோ ஒரு சந்தோஷமும் சேர்ந்து வந்ததைப் பார்த்தேன். ராத்திரி மெதுவாகச் சொன்னாள், "பொய் சொல்றாங்க." பயிற்சி கொடுப்பவரும் போனில் அதையேதான் சொன்னார், ஒரு வகையில் இது முன்னேற்றம் என்று. காங் லீயின் கணக்கில் நான்கு வயதில் வர வேண்டியது எங்களுக்கு 13-ல் வந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று நாள் கழித்து விஷயம் வெளியே வந்தது. இரண்டு பையன்கள் தினமும் அவன் பையிலிருந்து காசு எடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை ஆசிரியரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறான். அதற்குக் கிடைத்ததுதான் கிழிந்த பை. "விழுந்துட்டேன்னு வீட்ல சொல்லு" என்று அந்தப் பையன்களே வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அட்டை எழுதி, படம் வரைந்து ஐந்து வருஷமாகக் கற்றுக்கொடுக்க முடியாததை அவர்கள் ஒரு மதிய இடைவேளையில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கருவி: பயம்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே அந்தப் பள்ளிக்கூடத்தில்தானே படித்தோம்? நான் என் அப்பாவிடம் சொன்ன முதல் பொய் அடிக்குப் பயந்து சொன்னதாகத்தான் இருக்கும். நினைவில்லை. அதனால்தான் பொய்யை இயல்பான வளர்ச்சி என்று சொல்லிவிட முடிகிறது. இவன் தாமதமாகக் கற்றதால், அது நடப்பதைக் கண்ணெதிரே பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மற்றவர்களைப் போல இருப்பதாகக் காட்டிக்கொள்ள ஓயாமல் வேஷம் கட்டும் ஆட்டிசக்காரர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்று கடந்த பத்தாண்டுகளில் ஆய்வுகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. எனக்கு அது ஆய்வாகத் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் அவன் சர்வே நம்பர் நோட்டைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்த பெரிய பொய் என் கண்ணை உறுத்தத் தொடங்கியது. அவனைப் பற்றிய பொய். சொந்தக்காரர்கள் கேட்டால் "கொஞ்சம் கூச்ச சுபாவம்." கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடம் என் மாமனார் வேறு மாதிரி சொல்லுவார்: "ஆட்டிசம்லாம் இல்லைங்க, ஆஸ்பெர்ஜர். அறிவு அதிகமா இருக்கறவங்களுக்கு வர்றது. ஐன்ஸ்டீனுக்கே இருந்துச்சாம்." செத்துப்போனவருக்கு யார் டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. பேரன் மேல் இருக்கும் பாசத்தில் பேசுகிறார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னவன் போனில் அந்தப் பெயரைத் தேடிப் படித்துவிட்டான். அவன் படித்தால் பாதியில் விட மாட்டான். ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர், வியன்னா மருத்துவர். 1944-ல் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதியது, 1981-ல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அவர் பெயரையே இந்த நிலைக்கு வைத்தது (விங்கின் மகளுக்கும் ஆட்டிசம்), 2013-ல் அமெரிக்க மனநலக் கையேட்டிலிருந்து அந்தப் பெயர் நீங்கியது. அதற்கடுத்து 2018-ல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் வெளியிட்டது. நாஜி ஆட்சியில் வியன்னாவில் ஆம் ஷ்பீகல்க்ருண்ட் என்று ஒரு இடம். 'பயனற்ற' குழந்தைகளை அனுப்பிய இடம். அங்கே 789 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே அனுப்பச் சொல்லி ஆஸ்பெர்ஜரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஹெர்ட்டா ஷ்ரைபர் என்று ஒரு சிறுமி. வீட்டில் ஐந்து ஆரோக்கியமான பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்க்கு இவள் தாங்க முடியாத சுமை என்று எழுதி 1941-ல் அனுப்பிவைத்தார். மூன்று வயது முடிந்த மறுநாள் செத்துப்போனாள்.

"அவரு நல்லவராப்பா, கெட்டவரா?"

இந்தக் கேள்விக்கு ஒப்புக்கு ஒரு பதில் சொல்லலாம். இவனிடம் முடியாது. "கெட்டிக்காரப் பிள்ளைங்களப் பத்தி நல்லவிதமா எழுதினாரு. கெட்டிக்காரத்தனம் இல்லைன்னு நெனச்ச பிள்ளைங்கள்ல சில பேரச் சாகுற எடத்துக்கு அனுப்பினாரு" என்றேன்.

கொஞ்ச நேரம் கையை உதறிக்கொண்டிருந்தான். "நான் கணக்குப் போடுவேன். என்னைய அனுப்பியிருக்க மாட்டாரு." பிறகு, எங்களோடு மதுரைக்குப் பயிற்சிக்கு வரும் ஒரு பையனைச் சொன்னான். பேச்சே வராத பையன். "அவன அனுப்பியிருப்பாரு."

என் மாமனாரின் ஆறுதல் வாக்கியத்துக்குள் என்ன இருந்தது என்பதை என் பையன் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். 'ஆட்டிசம் இல்லை, ஆஸ்பெர்ஜர்' என்று சொல்லும்போது ஒரு பிள்ளையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுக்க, இன்னொரு பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளுகிறோம். யாருக்கும் வலிக்காத பொய் என்று நினைத்திருந்தோம். வலிக்கிற ஆள் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான்.

தமிழில் இதை மறைக்காமல் பேசியவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் யெஸ். பாலபாரதி. தன் மகனுக்கு ஆட்டிசம் என்று பொதுவில் சொல்லி, 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்று பெற்றோருக்கான புத்தகம் எழுதினார். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் தொலைந்துபோவதை வைத்து 'துலக்கம்' என்று நாவலும் எழுதினார். சென்னையில் இருப்பவர் சொல்லலாம், ஊர்ப்பக்கம் முடியாது என்பார்கள். முடியாது என்பதற்கு ஊரில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறது.

இருக்கிறது. பெரியவளுக்கு 23 வயது, பி.காம். முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். வருகிற வைகாசியில் பெண் பார்க்க வருவதாக இருக்கிறார்கள். என் அண்ணன் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பேசினார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் சின்னவனை நத்தத்துக்கு, அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கல்யாணம் முடிந்து, நல்லபடியாகப் பழகிய பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. 'நான் சொல்ல மாட்டேன்' என்ற வாக்கியத்தை என் பையனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், அதை எனக்கே பயன்படுத்திக்கொண்டால் என்ன என்றும் தோன்றாமல் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அவன் மறைப்பது அடுத்தவர் விஷயத்தை, கேட்கிறவரிடம் 'மறைக்கிறேன்' என்று சொல்லிவிட்டே. நாங்கள் மறைக்கப்போவது அவனை. அதுவும், உறவாகப் போகிறவர்களிடம், அவர்கள் முடிவெடுக்கத் தேவையானதை. வில்லங்கம் இருப்பதைச் சொல்லாமல் பத்திரம் போடச் சொன்னால் நான் போட மாட்டேன். என் பிள்ளை வில்லங்கம் இல்லை என்று நான் நம்பினால், அவனை எதற்காக ஒளிக்க வேண்டும்?

இதில் பணயம் வைப்பது என் வாழ்க்கையை அல்ல, என் மகளுடையதை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவளிடமே கேட்டேன். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவன் இருக்கட்டும்ப்பா. அவன் முன்னாடி உக்காந்து சரின்னு சொல்றவங்க சொல்லட்டும்."

வசூல் தம்பியிடம் நடந்ததுபோல ஏதாவது நடக்கலாம். மாப்பிள்ளையின் வழுக்கையைப் பற்றிக் கேட்கலாம். வாங்கிவந்த மல்லிகைப்பூ வாடியிருக்கிறது என்று சொல்லலாம். அண்ணன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். எதிர்வீட்டுச் சித்தி, இப்போது பேசுகிறார், அன்றைக்குக் கேசரி கிண்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சின்னவனுக்கு வேறு கவலை. நாற்காலி போடும் வேலை அவனுடையது.

"எத்தனை பேர்ப்பா வர்றாங்க?"

"ஏழெட்டுப் பேர் வருவாங்கடா."

"ஏழா, எட்டா?"

தரகருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வர்றவங்க வருவாங்க சார், அதப்போயி எண்ணிக்கிட்டு" என்று சிரித்தார். நேற்று மறுபடியும் கேட்டிருக்கிறேன்.